கிளாக் 19: டங்ஸ்டன் ராட் போட்டால் உதை பாதியாகுமா?

2023 பிப்ரவரி 11, டல்லாஸ்வாசி

கிளாக் 19 (9 எம்எம் கைத்துப்பாக்கி), ஜென் 3 (மூன்றாம் தலைமுறை). கடையில் வாங்கிய 115 கிரெயின் தோட்டா. 7 கஜத்தில் முதல் குண்டு நடுவில் விழுகிறது, வேகமாகச் சுடும் இரண்டாவது ஒரு சாண் மேலே போகிறது. ஸ்லைடை (சுடும்போது பின்னே போய்வரும் மேல்பகுதி) முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை 13 பவுண்டாகவும், அதன் நடுவே ஓடும் கம்பியை (கைட் ராட்) டங்ஸ்டனாகவும் மாற்றினால் உதை பாதியாகிவிடும் என்று ரேஞ்சில் அடித்துச் சொல்கிறார்கள். பேரல் நுனியில் மாட்டும் காம்பன்சேட்டரும் (காம்ப்) போடலாமாம். எதை முதலில் வாங்குவது?

பிப்ரவரி 11, பித்தளைப்பொறுக்கி

பாதியாகாது. நூற்றுக்கு நாலரை குறையும்.

115 கிரெயின் குண்டு 7.45 கிராம். நொடிக்கு 360 மீட்டரில் போனால் உந்தம் 2.68. தோட்டா நிரப்பிய கிளாக் 19 சுமார் 850 கிராம். 2.68-ஐ இருபடியாக்கி 1.7-ஆல் (0.85 கிலோவின் இரு மடங்கு) வகுத்தால் 4.2 ஜூல், கைக்கு வரும் உதை இதுதான். பிளாஸ்டிக் ராடை எடுத்துவிட்டு டங்ஸ்டன் போட்டால் 40 கிராம் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.0 ஜூல். அந்த 0.2-ஐக் கையால் உணர்கிறேன் என்பவர் கையைக் காட்சியகத்தில் வைக்கலாம்.

இன்னொரு கோணம். ஒரு 9 எம்எம் தோட்டா சுமார் 12 கிராம். 40 கிராம் என்பது மூன்றே கால் தோட்டா. மேகசினில் முதல் மூன்றைச் சுட்டதுமே டங்ஸ்டனில் சம்பாதித்த எடை போய்விட்டது. 15 தோட்டாவும் காலியானால் 180 கிராம் குறைகிறது. அதனால்தான் கடைசித் தோட்டா முதல் தோட்டாவைவிடக் கால்வாசி கூடுதலாக உதைக்கிறது.

பிப்ரவரி 12, பித்தளைப்பொறுக்கி

நேற்றைய கணக்கில் வெடிமருந்தை விட்டுவிட்டேன். மருந்தும் எடைதான், வாயுவாகித் துப்பாக்கியின் வாய் வழியே முன்னால் பாய்கிறது. 5 கிரெயின் மருந்து 0.32 கிராம். கைத்துப்பாக்கிக்கு வாயுவின் வேகம் குண்டின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று எடுப்பது வழக்கம். 0.17 கூடுகிறது. மொத்த உந்தம் 2.85, உதை 4.8 ஜூல். நாலரை சதவீதம் என்ற முடிவு மாறவில்லை.

ஆனால் அந்த 0.17-ஐ நினைவில் வையுங்கள். மொத்தத்தில் 6 சதவீதம்தான் வாயு. காம்ப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

பிப்ரவரி 13, பித்தளைப்பொறுக்கி

மூன்று தோட்டா ஒப்பீட்டிலும் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன். உதை வேறு, வாய் தூக்குவது வேறு. துப்பாக்கி மணிக்கட்டை அச்சாக வைத்துச் சுழல்கிறது. சுழற்சியை எதிர்ப்பதில் எடையோடு தூரத்தின் இருபடியும் சேர்கிறது. கைட் ராட் பேரலுக்கு அடியில் முன்பக்கம் இருக்கிறது, மேகசின் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் கையோடு இருக்கின்றன. இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் அதே எடை நான்கு மடங்கு வேலை செய்யும். ஆகவே டங்ஸ்டன் ராட் முழு ஏமாற்று அல்ல. வாய் தூக்குவதில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம்தான் வேண்டும் என்றால் அதைவிட நல்ல வழி, முன்னால் உள்ள ரெயிலில் ஒரு விளக்கு. டிஎல்ஆர்-1 எச்எல் பேட்டரியோடு 120 கிராம் சொச்சம். ராடைப்போல் மூன்று மடங்கு, அதுவும் இன்னும் முன்னால். இருட்டில் வெளிச்சம் இலவசம். உறையை மட்டும் மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ராட் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: நுனியில் திருகு போட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ராடுகளில் அந்தத் திருகு ஓரிரு நூறு ரவுண்டில் தளரும். தளர்ந்தால் ஸ்பிரிங் முன்னால் பறக்கும், ஸ்லைடு பாதியில் நிற்கும். மாட்டும்போதே எண்ணெய் துடைத்து நீல லாக்டைட் (திருகுப் பசை) ஒரு சொட்டு. பூட்டும்போது ராடின் அடித்தட்டு பேரல் அடிக்கட்டையில் உள்ள அரைவட்டப் பள்ளத்தில் உட்கார வேண்டும். மேல் படியில் உட்கார்ந்துவிட்டால் ஸ்லைடு ஏறும், பிறகு இறுகிப்போய் இறங்காது. சுத்தியலைத் தேடாதீர்கள். பொறுமையாக ஆட்டி எடுங்கள்.

பிப்ரவரி 14, டல்லாஸ்வாசி

சரி, ராட் வேண்டாம். 13 பவுண்டு ஸ்பிரிங்?

பிப்ரவரி 14, பித்தளைப்பொறுக்கி

ஸ்பிரிங் உதையைக் குறைக்காது. எப்போது, எந்த வேகத்தில் வருகிறது என்பதைத்தான் மாற்றும். உந்தம் அதேதான்.

ஜென் 3-இல் தொழிற்சாலை ஸ்பிரிங் 17, 18 பவுண்டு வாக்கில். அதைவிடக் கனமாகப் போட்டால் ஸ்லைடு பின்னால் மெதுவாகப் போகும், முன்னால் வேகமாக வந்து அறையும். அறையும்போது வாய் கீழே குனியும். கண் அதைப் பார்த்துக் கை மேலே தூக்கும், குண்டு எங்கோ போகும். இன்னும் கனமானால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமலே திரும்பும். காலிக்கூடு வெளிவாயிலில் அடுப்புக் குழாய் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும்.

லேசாகப் போட்டால் நேர் எதிர். பின்னால் வேகமாகப் போய்ச் சட்டகத்தில் இடிக்கும், முன்னால் மெதுவாகத் திரும்பும். வாய் குனியாது, டாட் (குறிபார்க்கும் சிவப்புப் புள்ளி) அமைதியாக வந்து உட்காரும். போட்டிக்காரர்கள் 13, 15 பவுண்டை விரும்புவது இதற்காகத்தான். அவர்கள் சுடுவது குறைந்த வேகத் தோட்டா. அதே ஸ்பிரிங்கில் நீங்கள் கடைத் தோட்டாவையோ +பி (கூடுதல் அழுத்தத்) தோட்டாவையோ சுட்டால் சட்டகம் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும்.

15-க்குக் கீழே போகாதீர்கள். காரணம் கிளாக்கின் அமைப்பு. விசையை அழுத்தும்போது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டும் ஊசி) ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது, ரீகாயில் ஸ்பிரிங் அதை எதிர்த்து ஸ்லைடை மூடி வைத்திருக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் இளைத்தால் ஸ்ட்ரைக்கர் ஜெயிக்கும். ஸ்லைடு ஒரு மயிரிழை திறந்த நிலையில் விசை விழும், தோட்டா வெடிக்காது. உடனே கடைக்காரர், "அப்படியானால் லேசான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கும் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். தொழிற்சாலை 5.5 பவுண்டை 4.5, 4 என்று இறக்கினால் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் கடினமாக இருந்தால் ஊசி பட்டும் வெடிக்காது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய மூன்றாவது. அரிசி மூட்டையில் ஓட்டை அடைக்கிற கதை.

எந்த ஸ்பிரிங் மாற்றினாலும் இரண்டு சோதனை. மேகசினைக் கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, பாதுகாப்பான திசையில்.

முதலாவது, விசையை அழுத்திப் பிடித்தபடி வாயை மேல்நோக்கி வைத்து, ஸ்லைடை இழுத்துக் கையாலேயே மெல்ல முன்னே விடுங்கள். கடைசி மில்லிமீட்டர் வரை தானாகப் போய் மூட வேண்டும். நின்றால் ஸ்பிரிங் போதாது, அல்லது செத்துவிட்டது.

இரண்டாவது, ஸ்லைடை இழுத்து விட்டு விசையை வெகு மெதுவாக அழுத்தியபடி ஸ்லைடின் பின்விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். சட்டகத்தைவிட்டுப் பின்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் போடுங்கள்.

பிப்ரவரி 15, பித்தளைப்பொறுக்கி

ஜென் 4, ஜென் 5 வைத்திருப்பவர்கள் மேலே உள்ள எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். ஜென் 4 முதல் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங், ராடும் பெரியது. ஜென் 3 ஸ்லைடின் துளைக்குள் நுழையாது. ஆரம்பகால ஜென் 4 9 எம்எம் துப்பாக்கிகளுக்கு நிறுவனமே 2011-இல் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிக்கொடுத்தது. தயாரித்தவர்களுக்கே ஒரு சுற்று தேவைப்பட்ட விஷயத்தை நாம் சமையல் மேசையில் ஒரே மாலையில் முடிக்கப் பார்க்கிறோம்.

ஜென் 3 ஸ்பிரிங்கை 3,000 ரவுண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறவர்கள் அதிகம். சில டாலர் சாமான். டல்லாஸ்வாசி, உங்களுடையது பழைய துப்பாக்கி என்றால் அப்கிரேடு என்று எதையும் வாங்கும் முன் புதிய தொழிற்சாலை ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 18, பித்தளைப்பொறுக்கி

இப்போது கேட்காத கேள்விக்குப் பதில். இரண்டாவது குண்டு மேலே போகிறது என்றால் துப்பாக்கி திரும்பி வரும் முன் சுடுகிறீர்கள், அல்லது முதல் குண்டோடு பிடி நழுவிவிட்டது. கீழே போனால் உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே அமுக்குகிறீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

பிடி. வலக்கையர் என்று வைத்து எழுதுகிறேன்.

வலக்கை: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவிலுள்ள சவ்வு கைப்பிடியின் பின்வளைவில் முட்டும்வரை மேலே. சதை சற்று மடிந்து அலைபோல் எழும்ப வேண்டும். அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் கீழே பிடித்திருக்கிறீர்கள். அந்த அரை அங்குலம்தான் நெம்புகோலின் நீளம். பெரிய கைக்காரருக்கு ஸ்லைடு சவ்வைக் கடிக்கும், இரண்டு இணைகோடாகக் கீறும். ஜென் 4-இல் வரும் வால் வைத்த பின்தகடு அதற்காகத்தான். ஜென் 3-க்கு மாட்டிக்கொள்ளும் வால் தனியாகக் கிடைக்கிறது.

இடக்கை: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். வலக்கை பிடித்த பிறகு கைப்பிடியின் இடப்பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை இடது உள்ளங்கையின் மேடு முழுதாக நிரப்ப வேண்டும். ஆள்காட்டி விரல் விசைக்கூட்டின் அடியில் முட்ட வேண்டும். மணிக்கட்டை முன்னால் வளைத்து, கட்டைவிரல் இலக்கைப் பார்க்கும்படிப் பூட்டுங்கள். பூட்டிய மணிக்கட்டுதான் சுழற்சியை நிறுத்துகிறது, வெறும் விரல் பலம் நிறுத்தாது.

அழுத்தம்: 60 இடக்கை, 40 வலக்கை என்பார்கள். அளக்க முடியாத எண். கணக்கு இதுதான்: வலக்கையை இறுக்கினால் ஆள்காட்டி விரல் மரத்து, விசையோடு கையும் சேர்ந்து இழுக்கும். ஆகவே வலது சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி, இடது இறுகிய ஊறுகாய் மூடியைத் திறக்கிற மாதிரி.

முழங்கையைப் பூட்டாதீர்கள். லேசாக மடங்கி வெளிப்பக்கம் பார்க்கட்டும். உடல் எடை முன்பாதத்தில். பின்னால் சாய்ந்து நிற்பவரை எந்தச் சாமானும் காப்பாற்றாது.

இன்னொன்று. கட்டைவிரல்கள் முன்னே போகும்போது ஸ்லைடு ஸ்டாப் லீவர்மேல் படும். கீழே அமுக்கினால் மேகசின் காலியானதும் ஸ்லைடு திறந்து நிற்காது. நீண்ட லீவர் போட்டிருந்து கீழிருந்து தட்டினால் பாதி மேகசினிலேயே நின்றுவிடும். துப்பாக்கி ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோகும் முன் கட்டைவிரலைப் பாருங்கள்.

பிப்ரவரி 18, பித்தளைப்பொறுக்கி

பிடிக்கு உதவும் சாமான் மட்டும் மேலே விட்டுப்போயிற்று. கைப்பிடிக்கு ஒட்டும் சொரசொரப்பு டேப்: மிக மலிவு, பலன் அதிகம். ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பிறகு ஹேர் டிரையரால் சூடாக்கி விரலால் அழுத்துங்கள். மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டினால் உரியாது. சூட்டுக்கோலால் பிளாஸ்டிக்கில் பொட்டுப் பொட்டாகக் குத்தும் வேலை அழகுதான், ஆனால் திரும்ப முடியாத வேலை. வாரண்டி போகும், சுவர் மெலிந்த இடத்தில் துளை விழும். செய்வதென்றால் முதலில் பழைய மேகசின் அடித்தட்டில் கை பழகுங்கள்.

வியர்க்கும் கைக்கு திரவ சாக்பீஸ். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக ரேஞ்சுக்கு வராதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, சான்ஹோசே சித்தப்பா

எச்-1பி விசாவில் இருக்கிற பையன்களும் இந்த இழையைப் படிக்கிறார்கள். அவர்கள் வாங்கலாமா?

பிப்ரவரி 19, பித்தளைப்பொறுக்கி

நல்லவேளை கேட்டீர்கள். எச்-1பி, எஃப்-1 எல்லாம் குடியேற்றமில்லா விசா. கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதில் சேரும். விதிவிலக்குகளில் பலரும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் இல்லாமல் ரேஞ்சில் செல்ஃபி எடுத்து முகநூலில் போடும் பையன்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு படம் கிரீன் கார்டைத் தின்றுவிடும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. கலிபோர்னியாவில் கழற்றும் மேகசின் கொண்ட செமி ஆட்டோ கைத்துப்பாக்கியில் நுனியில் மரை வெட்டிய பேரல் இருந்தால் (காம்ப்பைத் திருக அதுதான் வேண்டும்) அது சட்டப்படி அசால்ட் வெப்பன் (தாக்குதல் ஆயுதம்). கீழே காம்ப் பற்றி எழுதப்போவதை நீங்கள் கதையாக மட்டும் படியுங்கள்.

ஊரில் இருக்கும் அண்ணனுக்கு ஸ்பிரிங் வாங்கி அனுப்பலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். இந்தியாவில் 9 எம்எம் பாரபெல்லம் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண உரிமத்தில் கிடைப்பது .32 வகையறா. அங்கே இந்த இழைக்கே வேலையில்லை.

பிப்ரவரி 25, பித்தளைப்பொறுக்கி

காம்பன்சேட்டர்.

வேலை எளிது. வாயை விட்டு வரும் வாயு துளைகள் வழியே மேலே பாய்கிறது, எதிர்வினையாக வாய் கீழே அழுந்துகிறது. எவ்வளவு வாயுவோ அவ்வளவு பலன். 12-ஆம் தேதிக் கணக்கில் வாயுவின் பங்கு 6 சதவீதம். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் ஓப்பன் பிரிவில் 9 எம்எம்மை 165 பவர் ஃபாக்டருக்கு (குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) ஏற்றிச் சுடுகிறவர்கள் மெதுவாக எரியும் மருந்தை நிறையப் போடுகிறார்கள். அவர்களுக்குக் காம்ப் மந்திரம். மலிவான 115 கிரெயின் தோட்டாவுக்கு அது பாதி காம்ப், பாதி எடைக்கல். எடைக்கல்லாகவும் தோற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், பேரலின் நுனியில் அல்லவா தொங்குகிறது.

அந்தத் தொங்கலில்தான் சிக்கல். கிளாக் பேரல் ஒவ்வொரு முறையும் பின்னால் நகர்ந்து, கீழே சாய்ந்து, ஸ்லைடிலிருந்து விடுபட வேண்டும். நுனியில் எடை ஏறினால் விடுபடுவது தாமதமாகும், ஸ்லைடின் வேகம் குறையும். பலவீனமான தோட்டாவில் காலிக்கூடு வெளியேறாது. ஆகவே காம்ப் போட்டால் ஸ்பிரிங்கை ஒரு படி இறக்க வேண்டி வரும். 17-இல் ஓடினால் தொடாதீர்கள். ஓடாவிட்டால் 15. 14-ஆம் தேதி எழுதிய இரண்டு சோதனையும் மறுபடி.

மாட்டும் முறை. 9 எம்எம்முக்கு அமெரிக்காவில் பொதுவாக அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. கிளாக் தன் பேரல்களுக்கு வெட்டுவது 13.5 மில்லிமீட்டர் இடது மரை. இரண்டையும் கலந்து திருகினால் முதல் சுற்றிலேயே மரை நாசம். மரையை ஆல்கஹாலால் துடைத்து, கையால் கடைசிவரை திருகி, துளைகள் சரியாக மேலே பார்க்கும் இடத்துக்குப் பின்னால் திருப்பி, பக்கத் திருகை இறுக்குங்கள். கடைசிச் சுற்று முழுதாக ஏறாத காம்ப்பை வலுக்கட்டாயமாக இறுக்கக் கூடாது. பிறகு ஸ்லைடைச் சட்டகத்திலிருந்து கழற்றி, பேரலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். பேரல் வட்டமும் காம்ப் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று சீராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் பிறை தெரிந்தால் அந்தப் பக்கம் குண்டு உரசும்.

ஒட்டு: நீல லாக்டைட் 150 டிகிரி வாக்கில் இளகும். நூறு, இருநூறு ரவுண்டு தொடர்ந்து சுட்டால் காம்ப் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ராக்செட் என்பது பீங்கான் வகை ஒட்டு, சூட்டுக்கு அசையாது. கழற்ற வேண்டுமானால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், அவ்வளவுதான். காய ஒரு நாள் கொடுங்கள். காம்ப்புக்கும் பேரலுக்கும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. கோடு விலகினால் சுடுவதை நிறுத்துங்கள்.

வெறும் ஈயக் குண்டு வேண்டாம். துளை விளிம்பில் ஈயம் சீவி அப்பிக்கொள்ளும். மெல்லிய செப்புப் பூச்சுக் குண்டும் சில காம்ப்களில் தோலுரியும். இடுப்பருகே வைத்துச் சுடும் பயிற்சியில் மேலே பாயும் வாயுவும் துகளும் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

போட்டிக்குப் போவதானால்: யுஎஸ்பிஎஸ்ஏ புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் இரண்டிலும் காம்ப் கூடாது. மாட்டினால் ஓப்பனில் நிற்க வேண்டும், பந்தயக் குதிரைகளுக்கு நடுவில் மாட்டு வண்டியோடு.

பிப்ரவரி 26, பித்தளைப்பொறுக்கி

பேரலிலேயே துளை போட்ட கிளாக் 19சி பற்றிக் கேட்டிருந்தார்கள். அதுவும் இதே வேலைதான், எடை கூடாது. ஆனால் குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே வாயு தப்பிக்கிறது, ஆகவே வேகம் குறையும். காம்ப்பில் அந்த நஷ்டம் இல்லை.

மார்ச் 2, ரீலோடு மாமா

இவ்வளவு பேசினீர்கள், தோட்டாவை மாற்றச் சொல்லவில்லையே. பவர் ஃபாக்டர் என்பது கிரெயின் எடையை நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 115 கிரெயின் 1,180 அடி: 135.7. 147 கிரெயின் 890 அடி: 130.8. போட்டியில் மைனர் வகுப்புக்குக் கீழ் எல்லை 125. எல்லையை ஒட்டி நிற்காமல் 130-இல் நிற்பது புத்திசாலித்தனம். குளிர்காலக் காலையில் வேகம் இறங்கும், அளவையில் 124.9 வந்தால் அன்றைய மதிப்பெண் போச்சு. 147 கிரெயினுக்கு மருந்தும் குறைவு, வாயுவும் குறைவு. கைக்கு அறைவதுபோல் இல்லாமல் தள்ளுவதுபோல் இருக்கும்.

மார்ச் 2, பித்தளைப்பொறுக்கி

மாமா சொல்வது சரி, நான்தான் சாமான் மோகத்தில் விட்டுவிட்டேன். 135.7-லிருந்து 130.8 என்றால் உந்தத்தில் மூன்றரை சதவீதம், உதையில் ஏழு. டங்ஸ்டன் ராடைவிட மேல், ஒரு திருகும் கழற்றாமல்.

ஒரு திருத்தம் மட்டும். காம்ப் போட்டவர் 147-க்குப் போகக் கூடாது. வாயு குறைந்தால் காம்ப்புக்குச் சாப்பாடு இல்லை. காம்ப் என்றால் 115, காம்ப் இல்லை என்றால் 147. இரண்டையும் ஒன்றாக வாங்குகிறவர்கள் ஒன்றின் பலனை இன்னொன்றால் அழிக்கிறார்கள்.

மார்ச் 5, பித்தளைப்பொறுக்கி

"மனைவிக்கு உதை குறைவாக வேண்டும், அதனால் சின்ன லேசான ரிவால்வர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்மாறு. அலுமினியச் சட்டகத்தில் வரும் ஐந்து தோட்டா .38 காலியாக 415 கிராம் வாக்கில். 158 கிரெயின் சாதாரணத் தோட்டாவிலேயே 6 ஜூல் வருகிறது, கிளாக் 19-இல் 4.8. ஸ்லைடு இல்லை, ஸ்பிரிங் இல்லை, பரப்பி வாங்க எதுவுமில்லை. மொத்தமும் ஒரே தட்டாகக் கட்டைவிரல் மூட்டில். அதற்குப் பெரிய அப்கிரேடு கிடையாது. பின்பட்டையை முழுதாக மூடும் ரப்பர் கைப்பிடி ஒன்றுதான் வழி. ஓரம் இறுக்கி மடிக்காத தோட்டாவில் உதையால் அடுத்த அறைகளிலுள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து உருளையைச் சுற்றவிடாமல் பூட்டும் வியாதியும் உண்டு. மனைவியைக் கடைக்கு அழைத்துப்போய் அவர் கையிலேயே நான்கு துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணவன்மார் பரிசாக வாங்கும் துப்பாக்கிகளின் லட்சணம் பழைய சாமான் விற்கும் அலமாரியில் தெரியும்: ஐந்து தோட்டா சுட்டு, பெட்டியோடு.

மார்ச் 11, டல்லாஸ்வாசி

ராட் வாங்கவில்லை. புதிய தொழிற்சாலை ஸ்பிரிங், டேப், 147 கிரெயின், பிடி. இரண்டு குண்டுக்கும் நடுவில் ஒரு கையகலம்தான் இப்போது. ஆனால் ஸ்லைடைக் குடைந்து (மில் செய்து) ஆர்எம்ஆர் டாட் போட்டேன். அன்றிலிருந்து பத்துக்கு ஒரு காலிக்கூடு உள்ளேயே நிற்கிறது. டாட்டின் எடைக்கு ஸ்பிரிங்கை இறக்க வேண்டுமா?

மார்ச் 11, பித்தளைப்பொறுக்கி

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். ஆர்எம்ஆர் 34 கிராம், அதற்கு இவ்வளவு செய்யாது. டாட்டின் வலப்பக்கத் திருகைச் சந்தேகப்படுங்கள். அந்தத் துளைக்கு நேர் கீழே எக்ஸ்ட்ராக்டரை (காலிக்கூட்டை இழுத்தெடுக்கும் நகம்) தள்ளும் பிளஞ்சரின் (சிறு கம்பி) குழாய் ஓடுகிறது. திருகு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிளஞ்சரை நெருக்கும், எக்ஸ்ட்ராக்டர் நகம் கூட்டின் விளிம்பை இறுக்கிப் பிடிக்காது.

சோதனை: ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, எக்ஸ்ட்ராக்டர் நகத்தைப் பென்சிலால் வெளிப்பக்கம் நெம்புங்கள். சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வலத் திருகை மட்டும் இரண்டு சுற்றுத் தளர்த்தி மறுபடி நெம்புங்கள். வித்தியாசம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

திருகைக் குட்டையாக்கும்போது முதலில் அதில் ஒரு நட்டைத் திருகிக்கொள்ளுங்கள். பிறகு நுனியை அரத்தால் தேய்த்து, நட்டைக் கழற்றினால் நுனி மரையை அதுவே சரிசெய்துவிடும். ஒரேயடியாகத் தேய்க்காமல் அரை மில்லிமீட்டர் தேய்த்து மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது 12 இஞ்ச்-பவுண்டு, நீல லாக்டைட் மிகச் சிறு சொட்டு. அதிகம் போட்டால் வழிந்து அதே பிளஞ்சர் குழாய்க்குள் இறங்கிக் காய்ந்துவிடும்.

பிறகு ஒரு தோட்டாச் சோதனை: மேகசினில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுங்கள். கூடு வெளியேறி ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும். இரு கையால் ஐந்து முறை, வலக்கை மட்டும் ஐந்து, இடக்கை மட்டும் ஐந்து.

மார்ச் 12, டல்லாஸ்வாசி

வலத் திருகுதான். ஒரு மில்லிமீட்டர் தேய்த்தேன். பதினைந்துக்குப் பதினான்கு. இடக்கையில் ஒன்று மட்டும் திறந்து நிற்கவில்லை.

மார்ச் 12, பித்தளைப்பொறுக்கி

இடக்கையால் சுடும்போது ஆள்காட்டி விரல் அடிப்பாகம் லீவர் பக்கம் வந்து அதை அமுக்கும். அந்த ஒன்றை மட்டும் விரலைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஐந்து முறை சுடுங்கள். அப்போதும் திறந்து நிற்காவிட்டால் அடுத்தது மேகசின் ஸ்பிரிங். வேறு மேகசின் போட்டுப் பாருங்கள், மேகசின்களுக்கு அடியில் பெயிண்டால் 1, 2, 3 என்று எண் போட்ட பிறகு.